ஒதுக்கிய வீடுகளை எங்கே வைப்பது? பே ஏரியா ஊர்களின் முன்னால் உள்ள நான்கு வழிகள்

எங்கள் ஊர் கவுன்சில் கூட்டம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். வீட்டு விவகாரம் அஜெண்டாவில் இருந்தால் மைக் நம் கைக்கு வரப் பத்தரை ஆகிவிடும். அவ்வளவு நேரம் காத்திருந்து, கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் நம்மவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: மாநிலம் நம் ஊருக்கு ஒதுக்கிய வீடுகளின் எண்ணிக்கை ரொம்ப அதிகம், குறையுங்கள். நானும் ஒருமுறை அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அந்த எண்ணைக் குறைக்கும் அதிகாரம் மேடையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. எந்தத் தெருவில், எந்த நிலத்தில் என்று முடிவு செய்வது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றி அன்று பேசியவர்கள் மூன்றோ நான்கோ பேர்.

இந்தக் கட்டுரை அந்த 'எங்கே' பற்றியது. பே ஏரியாவில், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா வட்டாரத்தில், சாண்டா கிளாரா, அலமீடா கவுன்டிகளில் சொந்த வீட்டிலோ வாடகையிலோ இருக்கும் நண்பர்கள், தங்கள் ஊரில் இது விவாதத்துக்கு வரும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்க உதவினால் போதும்.

முதலில் எண் எப்படி வருகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் 1969 முதல் ஒவ்வொரு ஊரும் தன் வளர்ச்சித் திட்டத்தில் வீடுகளுக்கென ஒரு பகுதி எழுதியாக வேண்டும். ஹவுசிங் எலிமென்ட் என்று அதற்குப் பெயர். எட்டு வருடத்துக்கு ஒருமுறை சாக்ரமென்டோவில் உள்ள மாநில வீட்டுவசதித் துறை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மொத்தக் கணக்கைக் கொடுக்கும். இங்கே ஏபேக் என்ற வட்டாரக் கூட்டமைப்பு அதை ஊர் ஊராகப் பிரிக்கும். கவுன்சிலில் 'ரீனா நம்பர்' என்று அடிபடுவது இதுதான். 2023 முதல் 2031 வரையிலான சுற்றில் பே ஏரியாவுக்கு வந்தது 4,41,176 வீடுகள். முந்தைய சுற்றில் 1,87,990தான். இப்போது சான் ஹோசேக்கு 62,200, ஃப்ரீமான்ட்டுக்கு 12,897, சன்னிவேலுக்கு 11,966, கூபர்டினோவுக்கு 4,588. கூபர்டினோவின் பழைய கணக்கு 1,064. நான்கு மடங்குக்கு மேல் கூடினால் யாருக்கும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

கூடியதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் இனிமேல் வரப்போகும் குடும்பங்களைத்தான் பெரிதும் எண்ணினார்கள். 2018இல் சட்டம் மாறியது. ஒரே அபார்ட்மென்ட்டில் நெருக்கியடித்து இருப்பவர்களும், சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்கே கொடுப்பவர்களும் கணக்குக்குள் வந்தார்கள். அதாவது, இத்தனை வருடம் கட்டாமல் விட்ட பாக்கியும் சேர்ந்து வருகிறது.

மொத்த எண்ணை நான்கு வருமானப் படிகளாகப் பிரிக்கிறார்கள். இந்தச் சுற்றில் பே ஏரியாவில் மிகக் குறைந்த வருமானத்துக்கு 1,14,442, குறைந்த வருமானத்துக்கு 65,892, நடுத்தரத்துக்கு 72,712, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 1,88,130. 'குறைந்த வருமானம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஒரு படம் வரும். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். 2024 கணக்குப்படி சாண்டா கிளாரா கவுன்டியில் நான்கு பேர் குடும்பத்துக்கு நடு வருமானம் ஆண்டுக்கு 1,84,300 டாலர். 1,46,100 டாலர் வரை 'குறைந்த' வருமானம்; 92,150 வரை 'மிகக் குறைந்த' வருமானம். குழந்தைகள் காப்பகத்து ஆசிரியை, பஸ் ஓட்டுநர், ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவர் எல்லாரும் இதற்குள் அடக்கம். எச்-1பி விசாவில் வந்து ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் சிலரும்கூட.

இன்னொரு குழப்பம்: ஊர் நிர்வாகம் இந்த வீடுகளைக் கட்டாது. கட்டுவதற்கு நிலத்தைத் திறந்துவிடும், அவ்வளவுதான். எந்தெந்த மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்கேற்ப ஸோனிங்கை, அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதியை, மாற்றும். ஏக்கருக்கு 30 வீடு அனுமதித்தால், அந்த மனை குறைந்த வருமான வீடுகளுக்கு ஏற்றது என்று மாநிலம் எடுத்துக்கொள்ளும்.

சரி, யாரையும் ஒதுக்காமல் எல்லாருக்கும் வீடு கிடைக்க வேண்டும் என்ற 'நியாய வீட்டுவசதி' இதில் எங்கே வருகிறது? 2018இல் வந்த ஏ.பி. 686 என்ற மாநிலச் சட்டப்படி, பட்டியல் போடும் ஊர் 'எத்தனை' என்று காட்டினால் போதாது. குறைந்த வருமான வீடுகளையெல்லாம் ஏற்கனவே ஏழைகள் இருக்கும் பக்கமே தள்ளாமல், நல்ல பள்ளி, பூங்கா, வேலை உள்ள பகுதிகளிலும் இடம் கொடுத்திருக்கிறதா என்றும் காட்ட வேண்டும். மத்திய அரசில் 2015இல் இதற்கென வந்த விதி, ஆட்சி மாறும்போதெல்லாம் ரத்தாவதும் திரும்பி வருவதுமாக இருந்து, 2025இல் மறுபடி கைவிடப்பட்டது. கலிஃபோர்னியா தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பதால் இங்கே அந்தக் கடமை அப்படியே இருக்கிறது.

இது ஏன் தேவைப்பட்டது என்று கேட்பவர்களுக்கு மில்பிடாஸ் கிரேட் மாலைக் காட்டலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் நம்மில் பாதிப் பேர் நிற்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்தது. 1955இல் ரிச்மண்டிலிருந்து தொழிற்சாலையை இங்கே மாற்றினார்கள். வேலை வந்தது. ஆனால் கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் வீடு தர யாரும் தயாராக இல்லை. கடைசியில் கார் தொழிலாளர் சங்கமே முன்னின்று சன்னிஹில்ஸ் என்ற குடியிருப்பை எல்லா இனத்தவருக்குமாக உருவாக்கியது. அங்கே குடியேறிய பென் கிராஸ் 1966இல் மில்பிடாஸ் மேயரானார். இடையில் 1964இல், வீட்டில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை ரத்து செய்யக் கலிஃபோர்னியா மக்களே பெருவாரியாக வாக்களித்தார்கள். நீதிமன்றங்கள் அதைச் செல்லாது என்றன. நம்மவர்களும் இதற்கு வெளியே இல்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், அத்தகையோர் நிலம் வாங்கக்கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டம் இந்தியர்கள் மேலும் பாய்ந்தது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன தலீப் சிங் சௌந்த், இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த காலத்தில் தன் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள முடியாதவராகத்தான் இருந்தார்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, சண்டை போடுவது. இதில் பெயர் வாங்கிய ஊர் தெற்கே உள்ள ஹன்டிங்டன் பீச். 13,368 வீடுகள் ஒதுக்கினார்கள். தனிச் சாசனம் உள்ள நகரம் நாங்கள், மாநிலம் எங்களுக்கு உத்தரவு போட முடியாது என்றது கவுன்சில். 2023இல் மாநிலம் வழக்குப் போட்டது. நகரமும் மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு தள்ளுபடியானது. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. பே ஏரியாவிலும் பல ஊர்கள் 2021இல் ஏபேக்கிடம் முறையிட்டன. ஏறக்குறைய எல்லாவற்றையும் நிராகரித்துவிட்டார்கள். அதுவும், ஒரு ஊருக்குக் குறைத்தால் அந்த வீடுகள் பக்கத்து ஊர் தலையில்தான் விழும். அதனால் அண்டை ஊர்களே ஆதரிக்காது.

சண்டைக்காரர்கள் பக்கம் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். 2022இல் மாநிலத் தணிக்கையாளரே, துறை போட்ட கணக்கில் பிழைகள் இருப்பதாகவும் சில முடிவுகளுக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்றும் அறிக்கை கொடுத்தார். ஆகவே கணக்கைக் கேள்வி கேட்பவர் எல்லாரும் ஏழைகளுக்கு எதிரி என்று முத்திரை குத்துவது தவறு. அடுத்த சுற்றுக்கான கணக்கு முறை தீர்மானமாகும்போது போய்க் கேட்கட்டும், அதுதான் அதற்கு நேரம். வந்துவிட்ட எண்ணை எதிர்த்து ஊர்ப் பணத்தை வக்கீல்களுக்குக் கொடுப்பது வீண்செலவு.

இரண்டாவது வழி தந்திரமானது. எண்ணை ஏற்றுக்கொள், ஆனால் கட்டவே முடியாத இடங்களைப் பட்டியலில் போடு. எங்கள் ஊரின் முதல் வரைவில் ஒரு பிளாசா இருந்தது. நாங்கள் இட்லி மாவு வாங்கும் கடை அங்கேதான் இருக்கிறது. கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இதை இடித்து அபார்ட்மென்ட் வரப் போகிறதாமே என்று. அவருக்கு விஷயமே தெரியவில்லை. லீஸ் இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது என்றார். திட்டம் முடிவதோ 2031இல். இந்த விளையாட்டு மாநிலத்துக்குத் தெரியாதது அல்ல. குறைந்த வருமான வீடுகளில் பாதிக்கு மேல் இப்படிப் பயன்பாட்டில் உள்ள மனைகளை நம்பி எழுதினால், அந்தப் பயன்பாடு நிற்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் கேட்கிறார்கள்.

பணக்கார ஊரான ஆதர்டன் தனக்கு வந்த 348 வீடுகளில் பெரும்பகுதியைக் கொல்லைப்புறத்தில் கட்டும் ஏ.டி.யுக்களாலேயே ஈடுகட்டப் பார்த்தது. மாநிலம் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு இடம் தேடியபோது 2023 ஜனவரியில், தங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் டவுன்ஹவுஸ் வேண்டாம் என்று கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கர்ரியும் அவர் மனைவியும் ஊருக்குக் கடிதம் எழுதியது செய்தியானது. பக்கத்து வுட்சைடு இன்னும் ஒரு படி மேலே. 2022இல், ஊர் முழுவதுமே மலைச்சிங்கத்தின் வாழிடம், அதனால் ஒரு மனையைப் பிரித்து இரட்டை வீடு கட்ட விடும் எஸ்.பி. 9 என்ற மாநிலச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்றது. மலைச்சிங்கத்தின் வாழிடத்தில் இவ்வளவு நாள் மாளிகைகள் எப்படி வந்தன என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். மாநிலத் தலைமை வழக்கறிஞர் கண்டித்ததும் சில நாளில் பின்வாங்கியது.

இந்த இரண்டு வழிகளும் போய் முட்டும் இடம் ஒன்றுதான்: பில்டர்ஸ் ரெமடி. ஊரின் திட்டம் சட்டப்படி நிறைவாக இல்லாத காலத்தில், குறைந்த வருமானத்தோருக்கு (2024 வரை) 20 சதவீத வீடு ஒதுக்கும் கட்டுமானத் திட்டம் ஒன்று வந்தால், ஸோனிங்கைக் காரணம் காட்டி ஊர் அதை மறுக்க முடியாது. 1990 முதல் சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த விதி இது. 2022இல் சாண்டா மோனிகாவில் விழித்துக்கொண்டது. அந்த ஊரின் திட்டம் ஒப்புதல் பெறுவதற்குள் 4,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு விண்ணப்பங்கள் விழுந்தன. பெவர்லி ஹில்ஸில் 2023 டிசம்பரில் ஒரு நீதிபதி, திட்டம் சரியாகும்வரை புதிய வீடுகள் தவிர மற்ற கட்டட அனுமதிகளையே நிறுத்த உத்தரவிட்டார். நகரம் மேல்முறையீடு செய்தது, 2024இல் திட்டத்தைச் சரிசெய்து ஒப்புதலும் வாங்கியது. 2025 தொடக்கத்திலிருந்து இந்த ரெமடியில் ஒதுக்கீட்டு விகிதம் குறைந்திருக்கிறது, அடர்த்திக்கு ஒரு மேல்வரம்பும் வந்திருக்கிறது. ஆனாலும் 'எங்கே' என்று முடிவெடுக்கும் உரிமை ஊரிடமிருந்து பில்டர் கைக்குப் போவது மாறவில்லை. எதிர்ப்பவர்களுக்கு இதைவிட மோசமான முடிவு கிடையாது. அதனால் இந்த இரண்டு வழிகளையும் நான் ஒதுக்கிவிடுகிறேன். உண்மையான போட்டி மூன்றாவதற்கும் நான்காவதற்கும்தான்.

மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலான ஊர்கள் எடுக்கின்றன. பெரிய அபார்ட்மென்ட்டுகளை எல்லாம் பெரிய சாலை ஓரம், ஃப்ரீவே ஓரம், பழைய ஆபீஸ் கட்டடங்கள் இருந்த பக்கம் வைத்துவிடுவது. உள்தெருக்களைத் தொடுவதில்லை. கவுன்சிலர்களுக்கு நிம்மதி, வீட்டுக்காரர்கள் சத்தம் போடமாட்டார்கள்.

இதை வெறும் கோழைத்தனம் என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு லாபநோக்கற்ற வீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் நண்பரோடு பேசியபோது கணக்கு புரிந்தது. குறைந்த வாடகை வீடுகள் மத்திய அரசின் வரிச் சலுகையை வைத்துத்தான் கட்டப்படுகின்றன. அந்தக் காகித வேலைக்கும் நிர்வாகச் செலவுக்கும் கட்டுப்படியாக ஒரே இடத்தில் அறுபது, எண்பது வீடாவது வேண்டும். அதற்கு ஒரு ஏக்கருக்குக் குறையாத மனை வேண்டும். ஊர்களை இணைக்கும் பெரிய சாலையான எல் கமீனோ ரியலில் கிடைக்கும். நம் உள்தெருவில் கிடைக்காது. எல் கமீனோவில் 22, 522 பஸ் ஓடுகிறது. 2024இல் மின்மயமான கால்ட்ரெய்ன் ரயிலும் பல இடங்களில் பக்கம். கார் இரண்டு வைக்க முடியாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் 'பெரிய சாலை' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு இடங்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். எல் கமீனோ ஒன்று; 101, 880 ஃப்ரீவே ஓரம் இன்னொன்று. ஃப்ரீவேயிலிருந்து 500 அடிக்குள் புதிதாக வீடு, பள்ளி போன்றவற்றை வைப்பதைத் தவிர்க்கும்படி கலிஃபோர்னியக் காற்றுவள வாரியம் 2005லேயே பரிந்துரைத்திருக்கிறது. எந்தக் கம்பெனியும் விரும்பாத, காலியாகக் கிடக்கும் ஆபீஸ் நிலம் அங்கேதான் மலிவு. ஆக, குழந்தைகள் உள்ள குடும்பங்களை மொத்தமாகக் கொண்டுபோய் அந்தப் புகையில் வைக்கிறோம். பக்கத்தில் பள்ளி இல்லை, பூங்கா இல்லை, நடந்துபோய் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. ஏ.பி. 686 தடுக்க நினைத்தது இதைத்தான்.

தள்ளிவைப்பதன் உச்சகட்டத்தை நியூ ஜெர்சி பார்த்திருக்கிறது. அங்கே மௌன்ட் லாரல் என்ற ஊர் மீதான வழக்கில் 1975, 1983இல் வந்த தீர்ப்புகள், ஒவ்வொரு ஊரும் வட்டாரத்தின் ஏழைகளுக்குத் தன் பங்கு வீட்டுக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்றன. 1985இல் சட்டமன்றம் ஒரு கதவைத் திறந்துவிட்டது: பங்கில் பாதி வரை வேறு ஊருக்குக் காசு கொடுத்துத் தள்ளிவிடலாம். புறநகர்கள் கொடுத்தன, பணமில்லாத பழைய நகரங்கள் வாங்கிக்கொண்டன. யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்தார்கள். 2008இல் அந்த ஏற்பாட்டையே ஒழித்துவிட்டார்கள். ஊர் எல்லைக்குள்ளேயே ஃப்ரீவே ஓரத்துக்குத் தள்ளுவது, இதே வேலையைக் காசு கொடுக்காமல் செய்வது.

நான்காவது வழி, ஊருக்குள் பரப்புவது. இதைப் பற்றித்தான் பயம் அதிகம். சொத்து மதிப்பு விழும், குற்றம் கூடும், பள்ளி நிரம்பி வழியும் என்று மூன்று பயம்.

முதல் இரண்டுக்கும் மௌன்ட் லாரலே பதில் வைத்திருக்கிறது. முதல் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கழித்து, 2000இல் தொடங்கி, வழக்கை நடத்திய எத்தெல் லாரன்ஸ் பெயரில் 140 வாடகை வீடுகள் அங்கே கட்டங்களாகத் திறக்கப்பட்டன. சுற்றிலும் வசதியான புறநகர். பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் குழுவினரும் அதைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். வீட்டு விலையிலும் குற்றத்திலும் வரியிலும் அந்தக் குடியிருப்பால் எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. குடியேறிய குடும்பங்களின் வருமானமும் பிள்ளைகளின் படிப்புச் சூழலும் மேம்பட்டிருந்தன. பக்கத்தில் வசித்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதும் அந்த ஆய்வில் வந்தது.

பள்ளி நிரம்பும் என்ற வாதத்தை நம்மவர்கள் மைக்கில் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். கூபர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் 2022இல், பிள்ளைகள் குறைந்துவிட்டதால், ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் ஆகிய இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடியது. இளம் குடும்பங்கள் வாங்க முடியாத விலையில் வீடு இருந்தால் வகுப்பறை எப்படி நிரம்பும்? அந்தப் பள்ளிகளுக்காகவே இங்கே வீடு வாங்கியவர்கள் நாம்.

ஆனால் இந்த வழியை ஆதரிப்பவர்கள் மறைக்கும் ஒன்றும் உண்டு. தனி வீட்டு மனைகளில் இரண்டு, நான்கு வீடு கட்ட விடுவது மட்டும் ஏழைகளுக்கு வீடு தராது. எஸ்.பி. 9 வந்த பிறகு அதன்படி கட்டப்பட்டவை மிகச் சில. கட்டினாலும் இங்குள்ள நில விலைக்கு அது இன்னொரு இன்ஜினியர் தம்பதிக்குத்தான் கட்டுப்படியாகும். மேல் வருமானப் படியை நிரப்ப அது உதவும். கடந்த சுற்றில் நிரம்பி வழிந்ததும் அந்தப் படிதான். வாடகை உச்சவரம்போடு கூடிய வீடு உள்ளே வர வேண்டுமென்றால் உள்ளேயே பெரிய மனை வேண்டும்.

எங்கே இருக்கிறது? சர்ச்சுகளிடம். 2023இல் வந்த எஸ்.பி. 4, மத அமைப்புகளும் லாபநோக்கற்ற கல்லூரிகளும் தங்கள் நிலத்தில் குறைந்த வருமான வீடு கட்ட ஸோனிங் தடையை நீக்கியிருக்கிறது. நம் உள்தெருக்களில் ஞாயிறு காலை மட்டும் நிரம்பும் பார்க்கிங் நிலங்கள் எத்தனை என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். பள்ளி மாவட்டங்களிடமும் உண்டு. டேலி சிட்டியில் ஜெஃபர்சன் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம், வாக்காளர்கள் அனுமதித்த கடன்பத்திரப் பணத்தில், தன் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் 122 வீடுகள் கட்டி 2022இல் திறந்தது. அங்கே எவரும் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போகவில்லை.

ஆகவே என் முடிவு கலப்புதான், ஆனால் பாதிக்குப் பாதி அல்ல. பெரிய அபார்ட்மென்ட்டுகள் எல் கமீனோ, கால்ட்ரெய்ன் பக்கம் போகட்டும். வீட்டு வாசல் முடிந்தவரை பின்தெருப் பக்கம் இருக்கட்டும். வாடகை உச்சவரம்புள்ள வீடுகளில் ஒரு கணிசமான பங்காவது சர்ச், பள்ளி, நகராட்சி நிலங்களில், உள்தெருக்களுக்கு நடுவில் வர வேண்டும். ஃப்ரீவேயிலிருந்து 500 அடிக்குள் இருக்கும் மனைகளைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். மலைச்சரிவில், தீ அபாயப் பகுதியில், பஸ் வசதி குறைவான லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மாதிரி ஊர் என்றால் கணக்கு வேறு. அங்கே நான்காவது வழியை அப்படியே பிரதியெடுக்க முடியாது.

பணம் எங்கிருந்து வரும் என்பது தனிக் கதை. வட்டாரம் முழுவதற்கும் 2,000 கோடி டாலர் வீட்டுக் கடன்பத்திரம் 2024 நவம்பர் வாக்குச்சீட்டில் வருவதாக இருந்தது. ஆகஸ்டில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணமில்லாமல் ஸோனிங் மட்டும் மாறினால் முதலில் எழும்புவது சந்தை விலை வீடுகள்தான். சொத்து வரிக்கு வரம்பு போட்டு 1978இல் வந்த பிராப்பசிஷன் 13க்குப் பிறகு வீட்டை விடக் கடையும் ஆபீஸும்தான் ஊருக்கு லாபம் என்பதும் கவுன்சிலர்கள் வெளியே சொல்லாத காரணம்.

எங்கள் ஊரில் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு சர்ச் பார்க்கிங் நிலம் வருகிறது. நாற்பது வீடு, நான்காவது தெருவில், தொடக்கப் பள்ளிக்கு எதிரில். போன தடவை எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன அதே மைக்கில் இந்தத் தடவை மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். வாடகை உச்சவரம்பு எத்தனை வருடத்துக்கு? பள்ளி விடும் நேரத்தில் கார்கள் எந்த வாசல் வழியாக வெளியே வரும்? மனைப் பட்டியலில் 101 ஓரம் இன்னும் விட்டு வைத்திருக்கும் இரண்டு மனைகளை ஏன் எடுக்கவில்லை? மூன்றாவதற்குப் பதில் வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். காபி பிளாஸ்க் கொண்டுபோவதாக உத்தேசம்.